கடலுக்கு மேலே காற்றில் ட்ரோன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆனி, ஆடி மாதங்களில் கடற்கரைக்குச் சென்று ட்ரோன் பறக்கவிட்ட வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: கருவி கடலோடு போய்விட்டது, அல்லது போகவிருந்து எப்படியோ தப்பிவந்தது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு மட்டும் இவ்விதழில் பதில் தருகிறோம். திருமண ஒளிப்பதிவு, வேளாண் மருந்து தெளிப்பு ஆகியவை பற்றிய கேள்விகளை வேறோர் இதழில் பார்ப்போம்.

கேள்வி: என் சிறிய ட்ரோனின் விவரக் குறிப்பில், காற்றைத் தாங்கும் திறன் ஐந்தாம் நிலை, நொடிக்கு 10.7 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. அது நொடிக்கு 7 மீட்டர்தான் ஆகிறது. அப்படியானால் கடலுக்கு மேலே ஒரு கிலோமீட்டர் வரை துணிந்து அனுப்பலாமா?
(வாசகர், குளச்சல்)

பதில்: நீங்கள் படித்த எண் சரியானதே. ஆனால் அது நீங்கள் கேட்கும் கேள்விக்கான பதில் அல்ல. டிஜேஐ மினி 3 போன்ற 249 கிராமுக்குட்பட்ட கருவிகளில் குறிக்கப்படும் அந்த ஐந்தாம் நிலை, பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவுகோலிலிருந்து வருவது. அதன்படி மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வரை வீசும் காற்று ஐந்தாம் நிலை. அதன் மேல் எல்லைதான் நொடிக்கு 10.7 மீட்டர். அந்தக் காற்று வரையில் கருவி நிலைகுலையாமல் தாக்குப்பிடிக்கும் என்பதே உற்பத்தியாளர் சொல்வது. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். சாதாரண நிலையில் இத்தகைய ட்ரோன் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் செல்லும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். போகும்போது வேகத்தை 10 மீட்டர் அளவிலேயே வைத்திருந்தாலும் ஒரு கிலோமீட்டரை 100 நொடியில் கடந்துவிடுவீர்கள். திரும்பும்போது எதிர்க்காற்றைக் கழித்தபின் மிஞ்சுவது நொடிக்கு 3 மீட்டர் மட்டுமே. அதே ஒரு கிலோமீட்டருக்கு 333 நொடிகள், அதாவது ஐந்தரை நிமிடங்கள் ஆகும். இடையில் காற்று நொடிக்கு 9 மீட்டராக உயர்ந்தால், மிச்சம் 1 மீட்டர். பதினாறு நிமிடங்களுக்கு மேல் வேண்டும். 10 மீட்டரை எட்டிவிட்டால் முழு வேகத்தில் பறந்துகொண்டே கருவி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டிருக்கும். காற்று நொடிக்கு 2 மீட்டர் கூடியதற்கே திரும்பும் நேரம் மூன்று மடங்காகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 38 நிமிடப் பறத்தல் நேரமும் காற்றே இல்லாத சூழலில், மணிக்கு 21.6 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் அளந்ததுதான்.

உங்கள் ஊரில் மாலைக் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து கரைக்கு வருவது. அப்படியானால் போகும்போதுதான் சிரமம், திரும்புவது எளிது. அது நல்ல பக்கம். இருந்தாலும் ஒரு கிலோமீட்டர் வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளங்கையளவுக் கருவியை அவ்வளவு தொலைவில் கண்ணால் பார்க்க முடியாது, கண்பார்வைக்குள் பறக்கவிட வேண்டும் என்பதே பொது விதி. கடல் மேலே மரமோ கட்டடமோ இல்லாததால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கண் மதிப்பிடுவதும் கடினம். கடல் மேலே பறக்கவிட நான் வைத்துக்கொள்ளும் வரம்பு, குறிப்பிட்ட எண்ணில் பாதி. பலமாக அடிக்கும் வீச்சையும் சேர்த்து நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் போனால் கருவி பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஆடி மாதம் காலை எட்டு மணிக்கு எங்கள் கடற்கரையில் சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நின்று ட்ரோனை மேலே ஏற்றினேன். கரையில் இலைகூட அசையவில்லை, கடலும் கண்ணாடிபோல் இருந்தது. ஐம்பது மீட்டர் உயரம் ஏறியதும் கருவி கிழக்கே இழுபடத் தொடங்கிவிட்டது. பெரும்பாடுபட்டு மீட்டேன். அமைதியான கடலில் இது எப்படி நடந்தது?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உங்களுக்கு நேர்ந்ததுதான் கிழக்குக் கரையில் ட்ரோன்கள் தொலைவதற்கான மிகப் பொதுவான வழி. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழ மண்டலக் கரையில் காலை வேளைகளில் மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். நீங்கள் நின்ற இடத்தில் சவுக்குத் தோப்பு அந்தக் காற்றை மறைத்திருக்கிறது. மரங்களின் உச்சியைத் தாண்டியதும் கருவி மறைவிலிருந்து வெளியே வந்து முழுக் காற்றையும் வாங்கியது. தோப்பு மட்டுமல்ல, மீன் ஏலக்கூடம், மணல்மேடு, கடற்கரை விடுதியின் சுவர் என்று எதுவும் இப்படி ஏமாற்றக்கூடும்.

கண்ணாடிபோன்ற கடலும் அதே காற்றின் விளைவுதான். அலை எழுவதற்குக் காற்று நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். காற்று நிலத்திலிருந்து புறப்பட்டு வரும்போது கரையை ஒட்டிய நீரின் மேல் அது ஓடிய தூரம் மிகக் குறைவு. ஆகவே அங்கே அலை எழாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால் வெள்ளை நுரை தெரியும், கரையில் நிற்பவர் அதைக் கவனிப்பதில்லை. தனுஷ்கோடியில் இந்த வேறுபாட்டை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஆடியில் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா, அப்பகுதி மக்கள் ஆண்கடல் என்று அழைப்பது, கொந்தளித்துக்கொண்டிருக்கும். சாலைக்கு வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கம், பெண்கடல், அமைதியாக இருக்கும். சுற்றுலா வருபவர்கள் அமைதியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ட்ரோனை அனுப்புகிறார்கள். காற்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளும் நாளில் அந்த அமைதியான பக்கம்தான் கருவியைக் கொண்டுபோய்விடும் பக்கம். கொந்தளிக்கும் தெற்குக் கடலின் மேல் அனுப்பினால், பேட்டரி தீர்ந்தாலும் காற்று அதைக் கரைப்பக்கம்தான் தள்ளும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று காலத்தில் இந்த நிலை தலைகீழாகும். அப்போது கிழக்குக் கரையில் காற்று கடலிலிருந்து வருகிறது; அலை முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் கருவி திரும்புவதற்கு அது உதவியே. மழைதான் அந்தக் காலத்தின் சிக்கல். மற்ற மாதங்களில், வெயில் ஏறி நிலம் சூடானபின் நண்பகலையொட்டித் தொடங்கும் கடற்காற்றும் இதேபோல் கரையை நோக்கியது. ஆடியில் மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாள்களில் இந்தக் கடற்காற்று தாமதமாகவே கரையேறும். ஆகவே காலையில் காற்று அமைதி என்று எல்லாரும் சொல்லும் பொது அறிவுரை, நாகப்பட்டினத்தில் ஆடிக் காலைக்குப் பொருந்தாது.

நடைமுறையில் இவ்வளவு போதும்: புறப்படும் முன் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத் தோப்பைவிட்டு விலகி, வெட்ட வெளியில் நின்று பாருங்கள். நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறதென்றால் கடல் மேலே அனுப்பாதீர்கள். கரைக்கு இணையாக, மணல் மேலேயே பறக்கவிட்டுக் கேமராவை மட்டும் கடலை நோக்கித் திருப்புங்கள். படம் அதனால் குறைந்துவிடப் போவதில்லை.

கேள்வி: காற்றின் வேகத்தை அறிய எதை நம்புவது? கைபேசியில் உள்ள வானிலைச் செயலி ஒன்று சொல்கிறது, கரையில் நின்றால் வேறொன்று தெரிகிறது.
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: இரண்டும் பொய்யல்ல, இரண்டும் வெவ்வேறு உயரத்துக் காற்று. வானிலை நிலையங்கள் காற்றைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. முன்னறிவிப்பில் வரும் எண்ணும் பொதுவாக அந்த உயரத்துக்கே. நீங்கள் கையில் பிடித்துப் பார்ப்பது ஒன்றரை மீட்டர் உயரத்துக் காற்று, அது அதைவிடக் குறைவு. ட்ரோன் பறக்கும் 100 மீட்டர் உயரத்தில், திறந்த கடல் மேலே, 10 மீட்டர் உயரத்துக் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அத்துடன் சராசரி வேகத்தைப் பார்த்து நின்றுவிடாமல், வீச்சு வேகம் என்று தனியாகத் தரப்படுவதையும் பார்க்க வேண்டும். கருவியைக் கொண்டுபோவது சராசரி அல்ல, வீச்சுதான். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும்.

இந்திய வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையில், சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்ற வரியை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 65 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 18 மீட்டர். சிறிய ட்ரோன்கள், அதிவேகப் பறத்தலுக்கான ஸ்போர்ட் மோடில் எட்டும் உச்ச வேகமே நொடிக்கு 16 மீட்டர்தான். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவித்த நாளில் ட்ரோனும் செல்ல வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பில் அலை உயரமும் காற்றும் பகுதிவாரியாகக் கிடைக்கின்றன. அதைப் பார்க்கும் பழக்கம் ட்ரோன் வைத்திருப்பவர்களிடம் குறைவாக இருப்பது வியப்பாக இருக்கிறது.

எந்தச் செயலியும் இல்லாமல் கடலையே படிக்கலாம். தொலைவில் ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கினால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர்; நுரை அடிக்கடி தெரிந்தால் 20 முதல் 28; கடல் முழுவதும் நுரையாகி, திவலைகளும் பறக்கத் தொடங்கினால் 29-ஐத் தாண்டிவிட்டது. முந்தைய பதிலில் சொன்னபடி, காற்று நிலத்திலிருந்து வரும்போது கரையோர நீரை வைத்து இதைக் கணிக்கக் கூடாது.

இறுதிச் சோதனை ட்ரோனைக் கொண்டே செய்ய வேண்டியது. கடலுக்குள் அனுப்பும் முன், மணல் மேலேயே நீங்கள் பறக்க நினைக்கும் உயரத்துக்கு ஏற்றி, காற்றை எதிர்த்துச் சாதாரண நிலையில் முழு வேகத்தில் சிறிது தூரம் செலுத்தித் திரையில் தெரியும் வேகத்தைப் பாருங்கள். 10 மீட்டர் போக வேண்டிய கருவி 6 மீட்டர்தான் போகிறதென்றால் அந்த உயரத்தில் காற்று ஏறத்தாழ 4 மீட்டர். இது ஒரு நிமிட வேலை. எந்த முன்னறிவிப்பைவிடவும் உங்கள் இடத்துக்கு நெருக்கமான எண் கிடைத்துவிடும்.

கேள்வி: அலை உடையும் காட்சியைத் தாழ்வாகப் பறந்து எடுக்க முயன்றபோது, நான் எந்தக் கட்டளையும் கொடுக்காமலேயே ட்ரோன் தானாக இறங்கியது. கருவியில் கோளாறா?
(வாசகர், மரக்காணம்)

பதில்: கோளாறாக இருக்க வேண்டியதில்லை. இத்தகைய ட்ரோன்களின் வயிற்றுப் பகுதியில் கீழ்நோக்கிய கேமராவும் அகச்சிவப்பு சென்சாரும் இருக்கின்றன. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குக் கீழே வரும்போது கருவி ஜி.பி.எஸ். தரும் தகவலுடன் இவற்றையும் சேர்த்துக்கொண்டு, தரையில் தெரியும் வடிவங்களைப் பார்த்துத் தன் இடத்தையும் உயரத்தையும் நிலைநிறுத்திக்கொள்ளும். மணலிலும் புல்லிலும் இது அருமையாக வேலை செய்யும். நீரில் நிலையான வடிவம் எதுவும் இல்லை, இருப்பதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நகரும் அலையைத் தரை என்று எண்ணிக் கருவி அதனுடனே நகரலாம். வெயில் பளபளப்பால் உயரத்தைத் தவறாகக் கணித்து இறங்கலாம். நீர் மேலே இந்த அமைப்பு சரியாக இயங்காது என்று உற்பத்தியாளர்களின் கையேடுகளிலேயே எச்சரிக்கை உண்டு.

காற்று வீசும் நாளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கருவி தன் உயரத்தைக் காற்றழுத்தத்தைக் கொண்டும் அறிகிறது. திடீர் வீச்சு அந்த அளவீட்டைக் குலைக்கும், அதே நேரத்தில் கருவி சாய்ந்து சில அடி தாழவும் செய்யும். அலையின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். மூன்று மீட்டரில் பறந்தால் உங்களுக்கு மீதமிருப்பது மிகக் குறைவு. எனவே காற்றடிக்கும் நாளில் நீர் மேலே 10 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். தாழ்வான கோணம் கட்டாயம் வேண்டுமென்றால் செயலியில் கீழ்நோக்கிய சென்சார்களை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிட்டு, அமைதியான நாளில் எடுங்கள்.

முட்டம் போன்ற பாறை மேட்டிலிருந்து பறக்கவிடுபவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. திரையில் காட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, புறப்பட்ட இடத்திலிருந்து. பாறை உச்சியில் 0 என்று தொடங்கிக் கடலை நோக்கி இறங்கினால் எண் கழித்தல் குறியுடன் வரும். நீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறோம் என்பதை அது சொல்லாது. மேலும், கடற்காற்று பாறையில் மோதி மேலெழும்பும் இடத்திலும் பாறைக்குப் பின்னால் சுழலும் இடத்திலும் கருவி தூக்கியெறியப்படும். விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஏற்றி, உயரம் பெற்றபின் விளிம்பைக் கடப்பது நல்லது.

கேள்வி: எங்கள் ஃபைபர் படகிலிருந்து ட்ரோனை ஏற்றி மீன் கூட்டம் பார்க்க முடியுமா என்று யோசிக்கிறோம். படகில் என்ன கவனிக்க வேண்டும்?
(வாசகர், தரங்கம்பாடி)

பதில்: முடியும். ஆனால் கரையில் நன்றாகப் பழகாத கையால் இதைத் தொடங்க வேண்டாம். முதல் ஆபத்து, ரிட்டர்ன் டு ஹோம் என்ற வசதி. சிக்னல் அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ கருவி தானே திரும்பும் இடம், அது புறப்பட்ட இடம், படகு அல்ல. இருபது நிமிடத்தில் நீரோட்டமும் காற்றும் படகை எங்கோ கொண்டுபோயிருக்கும், கருவி ஒழுங்காகத் திரும்பி வந்து ஆளில்லாத நீரில் இறங்கும். ரிமோட் இருக்கும் இடத்தையே புதிய ஹோம் பாயிண்டாக மாற்றிக்கொள்ளும் வசதி பல செயலிகளில் உண்டு. பறக்கும்போது அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்வதற்கென்று ஒருவர் தனியாக இருப்பது நல்லது.

இரண்டாவது, புறப்பாடு. ஆடும் படகில் கருவியை இயக்கினால் அதன் சமநிலை சென்சார்கள் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள முடியாமல் பிழை காட்டும். எஞ்சினுக்கும் இரும்பு நங்கூரத்துக்கும் அருகில் வைத்தால் திசைகாட்டி குழம்பும். எனவே இரும்பிலிருந்து விலகி, கூடுமானவரை ஆட்டமில்லாத நேரம் பார்த்து இயக்குங்கள். கருவி படகின் மேல் அடித்து வராமல் காற்று போகும் பக்கமாக விலக்கி ஏற்ற வேண்டும். இறங்கும்போது காற்று போகும் பக்கத்திலிருந்தே, காற்றை எதிர்த்தபடி மெல்ல அணுக வேண்டும். அப்போது தவறினாலும் காற்று அதைப் படகைவிட்டு விலக்கும், ஆட்கள் மேல் தள்ளாது. கையால் பிடிப்பதுதான் படகில் வழக்கம் என்றாலும், பிடிப்பவர் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிய வேண்டும். விசிறி இறக்கைகள் விரலைக் கிழித்துவிடும். கரைக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் அது சிறிய காயம் அல்ல.

கேள்வி: காற்று அதிகம் என்ற எச்சரிக்கை திரையில் வந்துவிட்டது. கருவி திரும்பவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், கடலூர்)

பதில்: முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன்: பதற்றத்தில் ரிட்டர்ன் டு ஹோம் பொத்தானை அழுத்திவிட்டு நிற்காதீர்கள். அந்தக் கட்டளை வந்ததும் கருவி, நீங்கள் முன்பே வைத்திருக்கும் உயரத்துக்குக் கீழே இருந்தால், முதலில் அந்த உயரத்துக்கு ஏறும், பிறகுதான் திரும்பும். நகரத்தில் கட்டடங்களைத் தாண்டுவதற்காக 80 மீட்டர் என்று வைத்தவர்கள் அதைக் கடற்கரையில் மாற்ற மறந்துவிடுவார்கள். கருவி ஏற ஏறக் காற்று வலுக்கும், திரும்பும் வேகம் குறையும். ஏற்கெனவே அழுத்தியிருந்தால் அதே பொத்தானை மீண்டும் அழுத்தி ரத்து செய்து, கட்டுப்பாட்டை உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உயரத்தைக் குறையுங்கள். தாழ்ந்தால் காற்று குறையும். 15 மீட்டர் வரை இறக்கலாம். கருவியின் முகத்தை உங்களை நோக்கித் திருப்பி, ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி, முன்னோக்கிச் செலுத்துங்கள். சாதாரண நிலையில் கருவி சாயும் கோணத்தை மென்பொருள் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். ஸ்போர்ட் மோடில் கூடுதலாகச் சாய விடும், அந்தச் சாய்வுதான் எதிர்க்காற்றைக் கிழிக்கும் வேகம். இந்த நிலையில் தடை உணரும் சென்சார்கள் வேலை செய்யாது என்பதால் படகுக் கம்பங்களைக் கவனியுங்கள். இப்போது திரையில் படத்தைப் பார்க்காமல் தூரத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். எண் குறைகிறதென்றால் கையை எடுக்காமல் தொடருங்கள்.

குறையவில்லையென்றால், அதே திசையில் போராடிப் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். ஆற்றின் இழுப்பில் சிக்கியவர் எதிர்நீச்சல் போடாமல் குறுக்கே நீந்திக் கரையேறுவதைப் போல, காற்றுக்குக் குறுக்கே நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சொன்ன கணக்கிலேயே, நொடிக்கு 7 மீட்டர் காற்றில் நேர் எதிராக நொடிக்கு 3 மீட்டர்தான் முன்னேற முடிகிற கருவி, குறுக்கே நொடிக்கு 7 மீட்டருக்குச் சற்று அதிகமாகச் செல்லும். கரை வளைந்து நீண்டிருக்கும் இடமோ, தூண்டில் வளைவின் கல்சுவரோ, தெரிந்தவர் படகோ அந்தப் பக்கம் இருந்தால் அங்கே கொண்டுபோய் இறக்குங்கள். உங்களிடம் திரும்பி வருவது இப்போது முக்கியமல்ல, நிலத்தில் இறங்குவதே முக்கியம். பேட்டரி மிகக் குறைந்து கருவி தானாக இறங்கத் தொடங்கினாலும், பல மாடல்களில் இடது ஸ்டிக்கை மேலே தள்ளிப் பிடித்தால் இறங்குவதைத் தாமதப்படுத்தியபடி பக்கவாட்டில் நகர்த்தலாம். கடைசி நூறு மீட்டரை இப்படிக் கடந்தவர்கள் உண்டு.

நீரில் விழுந்துவிட்டால், செயலியில் பதிவான கடைசி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை எடுப்பதற்காக யாரும் கடலில் இறங்க வேண்டாம்.

இவையெல்லாம் தேவைப்படாமல் இருக்க, பறக்கும்போதே காற்றை எதிர்த்துப் போய்க் காற்றோடு திரும்புங்கள். பேட்டரி 50 விழுக்காட்டுக்கு வந்ததும், அழகான காட்சி எதிரே இருந்தாலும், திருப்பிவிடுங்கள். கருவி தானாகக் கணக்கிட்டுச் சொல்லும் குறைந்த பேட்டரி எச்சரிக்கைக்குக் காத்திருந்தால், அதன்பின் காற்று கூடும் நாளில் அந்தக் கணக்கு உதவாது.

கேள்வி: நீரில் விழுந்தாலும் மிதக்கும்படி மிதவைக் கால்களும், பாதுகாப்புக்கு இறக்கைக் காப்பு வளையங்களும் பொருத்தலாமா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ஏரியில், காற்றில்லாத நாளில் பொருத்தலாம். கடற்காற்றில் இரண்டும் பாய்மரமாகவே வேலை செய்யும். எடையும் கூடும், காற்றை எதிர்க்கும் திறனும் பறக்கும் நேரமும் குறையும். விழாமல் இருக்க வேண்டிய கருவியை விழும்படி செய்துவிட்டு மிதக்க வைப்பதில் பொருளில்லை. அத்துடன் 249 கிராம் கருவியில் எதைப் பொருத்தினாலும் 250 கிராம் எல்லையைத் தாண்டி, சட்டப்படி நானோ வகையிலிருந்து மைக்ரோ வகைக்குப் போய்விடும்; மூன்றாம் நபர் காப்பீடு உட்படக் கூடுதல் கடமைகள் வரும்.

கேள்வி: கடற்கரையில் பறக்கவிட்டு வீடு திரும்பியபின் கருவியை எப்படிப் பராமரிப்பது? உப்பு நீரில் விழுந்து எடுத்த ட்ரோனை மீண்டும் பயன்படுத்தலாமா?
(வாசகி, மணவாளக்குறிச்சி)

பதில்: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உடல், கேமரா, இறக்கைகள் ஆகியவற்றைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். அன்றைக்கே செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்புத் திவலை மோட்டாரின் பேரிங்கையும் மின் இணைப்புகளையும் மெல்ல அரிக்கும். உங்கள் ஊரில் இன்னொரு தொல்லை, கருமணல். மோட்டாருக்குள் வலுவான நிலைக்காந்தங்கள் இருப்பதால், கருமணலில் உள்ள காந்த ஈர்ப்புடைய துகள்கள் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் வராது. மணலில் நேராக வைத்து ஏற்றாதீர்கள், ஒரு தார்ப்பாய் விரிப்பின் மேல் வைத்து ஏற்றி இறக்குங்கள். விரிப்பின் நான்கு மூலையிலும் கல் வைக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் அதுவே பறந்து இறக்கையில் சிக்கும்.

உப்பு நீரில் விழுந்த கருவியை ஒருபோதும் இயக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரியை உடனே கழற்றுங்கள். உடலை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பேட்டரியின் நிலை வேறு. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கும். அது சில மணி நேரம் கழித்தும் தீப்பற்றலாம். வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ வைக்காமல், எரியும் பொருள்கள் இல்லாத திறந்த வெளியில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அது உலர்ந்தபின் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சார்ஜ் செய்யக் கூடாது, மீண்டும் பயன்படுத்தவும் கூடாது.

கேள்வி: ராமேசுவரம் பகுதியில் கடல் மேலே 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனைப் பறக்கவிட அனுமதி தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? பறவைகள் துரத்தினால் என்ன செய்வது?
(வாசகர், மதுரை)

பதில்: பாதி உண்மை. 2021 ஆகஸ்டு 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் மைக்ரோ வகைக்கும் தேவையில்லை. ஆனால் வான்பரப்புக் கட்டுப்பாடு எடையைப் பார்ப்பதில்லை. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சை என்று காட்டும் இடத்தில் 400 அடி வரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குட்பட்ட பகுதியில் அது 200 அடி. மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்பில் ஒன்றிய அரசின் அனுமதியும் வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. கூடங்குளமும் கல்பாக்கமும் அணுமின் நிலையங்கள். எனவே கிளம்பும் நாளிலேயே வரைபடத்தைப் பாருங்கள், போன ஆண்டு பார்த்தது போதாது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுபவை. அங்கே வனத்துறையின் அனுமதி தனி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ட்ரோனைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள்: முழுமையாகக் கட்டமைத்த ட்ரோன்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் தடைசெய்துவிட்டது, சுங்கத்தில் நிறுத்தப்படும்.

பறவைகளில் செம்பருந்து போன்ற பருந்துகள்தான் பெரும்பாலும் ட்ரோனை நேரடியாகத் தாக்க வருபவை. வந்தால் வேகமாக மேலே ஏற்றுங்கள். பருந்து மேலிருந்து கீழே பாய்வது, நேர்மேலே ஏறும் பொருளைத் துரத்துவது அதற்குக் கடினம். அதன்பின் அந்த இடத்தைவிட்டு விலகி இறக்கிவிடுங்கள், மீண்டும் முயல வேண்டாம். அருகில் கூடு இருக்கலாம். ஆலா என்னும் கடற்பறவைகளும் பூநாரைகளும் பெரும்பாலும் கூட்டமாக எழுந்து பறந்துவிடும். அது படத்துக்கு அழகாக இருக்கும் என்பதற்காகவே கோடியக்கரையிலும் தனுஷ்கோடியிலும் சிலர் வேண்டுமென்று கிளப்புகிறார்கள். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், அங்கே அது குற்றம். தனுஷ்கோடியிலும், வலசை வந்து இரை தேடும் பறவையை அப்படிக் கிளப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.